நான் அடைத்த எட்டுப் பீரங்கி ஓட்டைகள்

கப்பலைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்க இரண்டு நாள்தான் இருந்தது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா பேச்சி, கீழ்வரிசை ஓட்டயெல்லாம் எங்க?" என்றார்.

"அடச்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன், பெருமையாகத்தான்.

பாளையம்பட்டியில் எங்கள் பட்டறையில் மரத்தில் கப்பல் மாடல் செய்வோம். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணாச்சி மட்டும் எட்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். இந்த ஆர்டர் இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான அம்மா கொடுத்தது. நூறு வருடத்துக்கும் முந்தைய பிரிட்டிஷ் போர்க்கப்பல். பக்கவாட்டில் கனத்த இரும்புக் கவசம் போட்ட குரூசர். நான்கு புகைபோக்கி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகப் பெரிய பீரங்கிகள். பக்கத்துப் பீரங்கிகளை மாடி வீடு மாதிரி மேலொன்று கீழொன்றாக இரும்புக் கூண்டுகளில் வைத்திருந்தார்கள். கட்டிய சில வருடங்களிலேயே அதைவிடப் பெரிய, வேகமான கப்பல்கள் வந்துவிட்டன. முதல் உலகப்போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போய்விட்டு, போர் முடிந்ததும் பழைய இரும்புக்கு உடைபட்டது. மூன்று மாதம் கையிலேயே கிடந்ததில் அது எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி ஆகியிருந்தது.

கீழ்க்கூண்டுகள்தான் கண்ணை உறுத்தின. தண்ணீர் மட்டத்துக்கு அவ்வளவு கிட்டே ஓட்டை! என் அப்பா நரிக்குடிப் பக்கம் கண்மாயில் நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர். தண்ணீர் ஏறும் இடத்தில் ஓட்டை திறந்து கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் அதே புத்தி. வரைந்தவன் தப்பாக வரைந்துவிட்டான் என்று நானே முடிவுகட்டி, கீழ்ப் பீரங்கிகளை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு நாலாக எட்டு ஓட்டையிலும் பட்டி வைத்துத் தேய்த்து பெயின்டும் அடித்துவிட்டேன்.

"டிராயிங்ல இருக்கத செய்யத்தான நாம இருக்கோம்? கப்பல் கட்டுனவனுக்கே நீ புத்தி சொல்லப்போறியா?" என்று கத்தினார் அண்ணாச்சி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்வை போவதற்குள் கப்பலைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். திரும்பக் குடைந்தால் அந்த மெல்லிய மரம் பிளந்துபோகலாம். பிளந்தால் இன்னும் மூன்று மாதம்.

வீடியோ காலில் உண்மையைச் சொன்னோம். அந்த அம்மா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அண்ணாச்சியின் குரல் இறங்கியது.

"நீ நெனச்சது சரிதானாம் பேச்சி. கடலு கொந்தளிச்சா கீழ்க்கூண்டுல தண்ணி அடிக்குமாம். சுட முடியாம அடச்சுப்போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பாகளாம். கட்டுனவுக செஞ்ச தப்புதானாம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப இப்பிடியே அனுப்பிருவமா அண்ணாச்சி?"

"இல்லத்தா, தொறக்கணுமாம். அவுக தாத்தா கீழ்க்கூண்டுலதான் வேல பாத்தாராம். நீ அடச்சுப்புட்டா அவரு எங்கிட்டு உக்காருவாருன்னு கேக்காக."

இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கை டிரில்லால் குடைந்தேன். மரம் பிளக்கவில்லை.

வேலையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த மரத்தூள் வாசனைக்கு இன்னும் ஏங்குகிறேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டிராயிங்கில் தப்பு தெரிந்தால் வாயைத் திறந்து கேளுங்கள், கையை வைத்துவிடாதீர்கள். அந்தத் தப்புக்குள்ளும் யாராவது இருந்திருப்பார்கள்.

அன்று எட்டாவது ஓட்டையும் திறந்தபின், பீரங்கிகளைத் திரும்ப மாட்டுவதற்கு முன், ஒவ்வொன்றாக ஊதி உள்ளே இருந்த தூசியை எடுத்தேன். ஆள் உட்காரும் இடமாயிற்றே.