பாதி விலையில் ஓர் ஊர்

வீடியோ கேம் கேசட்டைக் கையில் வாங்கியதும் பாஞ்சாலை அதன் மேலிருக்கும் படத்தைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு காதருகே கொண்டுபோய் இரண்டு முறை ஆட்டுவார். உள்ளே கடகடவென்று கேட்டால் பேசாமல் மேசைமேல் திருப்பி வைத்துவிடுவார். சத்தமில்லாமல், கொஞ்சம் கனமாகவும் இருந்தால்தான் அடுத்த பேச்சு.

"கனமா இருந்தா உள்ள பேட்டரி இருக்குதுன்னு அர்த்தங்க டீச்சர். பேட்டரி இருந்தாதான் இன்னிக்கி நிறுத்துன எடத்துலேர்ந்து நாளைக்கிப் போவலாம். இல்லன்னா தெனமும் மொதல்லேர்ந்துதான். யாரால ஆவும்?"

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் சலீம் வைத்திருக்கும் வீடியோ கடையில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படக் கேசட் வாடகைக்கு எடுக்கப் போவேன். கடைக்குள் ஒரு பதினான்கு அங்குல டிவி, அதன் கீழே வீடியோ கேம் பெட்டி. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் ஜாய்ஸ்டிக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டிவியில் அரையங்குல உயரத்தில் ஒரு மனிதன் ஏதோ ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. நான் எடுக்க வந்த படத்தை மறந்துவிட்டு நின்று பார்த்தேன்.

செராமிக் தொழிற்பேட்டையில் சின்னக் கம்பெனி ஒன்றில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுபவர் பாஞ்சாலை. குறிப்பாகச் சொன்னால், கண் வைப்பவர். ஒரு நாளைக்கு இருநூறு பொம்மை, நானூறு கண். கழுவினாலும் போகாத கறுப்பு ஒரு கோடாக அவருடைய நகக்கண்ணில் தங்கியிருக்கும். அந்த விரல்கள் ஜாய்ஸ்டிக்கை அழுத்துவது தூரிகையைத் தொட்டு எடுப்பதுபோல் இருக்கும்.

வீட்டிலும் அவரிடம் ஒரு கேம் பெட்டி உண்டு, தம்பி கொளஞ்சிநாதனுடையது. திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது அக்கா வீட்டில் விட்டுப்போனான். அதோடு வந்த கேசட்களில் பாஞ்சாலைக்கு மனம் ஒட்டவில்லை. "குதிக்கிறான், சுடுறான், சாவறான். திரும்பவும் குதிக்கிறான். அதுல என்னா இருக்குது?" பிறகொரு நாள் சலீம் கடையில் வேறு மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஓர் ஆள் ஊர் ஊராக நடக்கிறான். எதிரே வருகிறவர்களிடம் பேசுகிறான், கடையில் கத்தி வாங்குகிறான், சத்திரத்தில் படுத்து எழுகிறான். ஆறு மாதம் ஆனாலும் கதை முடிவதில்லை. அன்றிலிருந்து அவருக்கு அதுதான். அந்த வகைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஊர் சுத்தற கேமு'.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அவர் கணவர் சுப்புராயன் சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாராம்: "என்னா, இன்னிக்கி எந்த ஊர்ல இருக்குற?"

ஒரே ஒரு தடவை பாஞ்சாலை ஏமாந்திருக்கிறார். ஸ்டிக்கரில் அரண்மனையும் யானையுமாக அழகாக இருந்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டால், அந்த ஊரில் ஒரு வீட்டின் கதவும் திறக்கவில்லை. ஆட்களிடம் பேசினால் எல்லோருக்கும் ஒரே பதில். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "கதவ சும்மா வரஞ்சி வெச்சிருக்கான் சலீம். நானும் பெயிண்டு அடிக்கிறவதான். எங்கிட்டயேவா?"

அதிலிருந்து சில கறாரான விதிகள் வந்தன. கதவு திறக்க வேண்டும். ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு பேச வேண்டும். பாஞ்சாலைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து எத்தனை வரி வருகிறது, எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்தே இரண்டு பேர் சொல்வது ஒன்றா வேறா என்று கண்டுபிடித்துவிடுவார். ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கடற்கரை ஓரமாகவே நடந்து, வரைபடம் எங்கே முடிகிறது என்றும் பார்ப்பார். கடைசியாகப் பேட்டரி. கடையிலேயே கொஞ்ச தூரம் ஆடி, நிறுத்தி, அணைத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த ஞாயிறு வந்து, விட்ட இடம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். "ஒரு வாரம் தாங்கலன்னா அது எனக்கு எதுக்கு?"

சலீம் ஷார்ஜாவில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது சாமான்களோடு ஒரு பெட்டி நிறையக் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். இப்படி ஆற அமரப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் அவருக்கு வேறு யாருமில்லை. "பொண்ணு பாக்கறவங்க கூட ஒரே நாள்ல முடிவு சொல்லிடறாங்கக்கா" என்பார். ஆனாலும் ஸ்டூலை எடுத்துப் போடுவார்.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆயுத பூஜை முடிந்த சமயம், கடையை எஸ்.டி.டி. பூத்தாக மாற்றப் போவதாகச் சொன்னார் சலீம். கேசட் எல்லாம் பாதி விலை. ஊர் சுத்தற கேம்கள் மட்டும் ஏழு மிச்சமிருந்தன. பாஞ்சாலை நிதானமாகத் தொடங்கினார். முதல் ஞாயிறு மூன்றை ஆட்டிப் பார்த்தே கழித்தார். இரண்டாவது ஞாயிறு, பூட்டிய கதவுகளால் இன்னும் இரண்டு போயின. மூன்றாவது ஞாயிறு அவர் வந்தபோது சலீமின் முகம் சரியாக இல்லை.

"அக்கா, கடலூர்லேர்ந்து ஒருத்தரு மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. நாளைக்கிக் காலையில வராரு. உங்களுக்கு எது வேணுமோ இன்னிக்கே சொல்லிடுங்க."

பாஞ்சாலை ஸ்டூலில் உட்கார்ந்தார். மீதி இரண்டுதான். ஒன்றின் ஸ்டிக்கரில் மூன்று பேர் நின்றார்கள், ஜப்பான் எழுத்து. அது போன வாரமே எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது. இன்னொன்றை அவர் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் பாதி உரிந்து, ஒரு கப்பலின் பாய் மட்டும் தெரிந்தது. நல்ல கனம்.

அதைப் போட்டதும் இங்கிலீஷில் இரண்டே வரி வந்தது. "டீச்சர், என்னா எழுதியிருக்குது?" என்றார்.

"மேல, தொடரவான்னு கேக்குது. கீழ, புதுசான்னு. மேல இருக்கிறதுக்குப் பக்கத்துல ஒரு பேரு இருக்கு. நோயெல். அறுபத்துநாலு மணி நேரம் ஆடியிருக்காரு."

பாஞ்சாலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "எட்டு மணி நேரம் வேலன்னு வெச்சா எட்டு நாளு. யாரு சலீம் இவுரு?"

சலீம் ரசீதுப் புத்தகத்தை மூடினார். "ஷார்ஜாவுல கூட ரூம்ல இருந்தவருக்கா. ஃபிலிப்பைன்ஸ்காரு. கிரேன் ஓட்டுவாரு. வெள்ளிக்கிழம லீவுன்னா எந்திரிக்கவே மாட்டாரு, இதேதான். கம்பெனிய மூடி மூணு நாள்ல எல்லாரையும் ஊருக்குப் போங்கன்னுட்டாங்க. 'நீ வெச்சிக்கோ சலீம்'னு குடுத்துட்டுப் போனாரு. வாடகைக்கு வுட்டா பசங்க அழிச்சிடுவானுங்கன்னுதான் நானும் உள்ளயே வெச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே என்னாக்கா? அழிச்சிட்டு ஆடுங்க. அவுரு எங்க வரப் போறாரு?" என்றார்.

பாஞ்சாலை கீழ் வரியை அழுத்தினார். பழைய ஆட்டம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. நான் படித்துச் சொன்னேன். ஒருவருக்கு மட்டும்தான் அதில் இடம் போலிருக்கிறது. அவருடைய விரல் பொத்தான்மேல் நின்றது, ஆனால் அழுத்தவில்லை. வேண்டாம் என்பதை அழுத்தித் திரும்பி வந்து, மேல் வரிக்குப் போனார்.

ஒரு துறைமுகம். கயிற்றில் கட்டிய கப்பல். ஆட்டத்து ஆளுக்கும் தன் பெயரையே வைத்திருந்தார் போலிருக்கிறது: நீலச் சட்டை போட்ட நோயெல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார். பாஞ்சாலை அவரைத் திருப்பி ஊருக்குள் நடத்தினார். கதவுகள் திறந்தன. ஒரு வீட்டில் மீன் காய்ந்தது, இன்னொரு வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றார். நான் படித்தேன்: "மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன்தானே நீ? வீட்டுப் பக்கம் போய் எத்தனை நாள் ஆயிற்று?"

"இதக் குடுத்துடு சலீம்" என்றார் பாஞ்சாலை.

"அந்த மூணு பேரு நிக்கிற கேசட்டையும் சேத்து எடுத்துக்குங்கக்கா. இன்னும் கொறச்சித் தரேன்."

"வேணாம். ரெண்டு இருந்தா ரெண்டுத்தயும் அரகொறயாதான் பாப்பேன்."

அதன்பிறகு அவரை மூன்று வாரம் பார்க்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அழித்தாரா, இல்லையா? கடைசியில் காய்கறி மார்க்கெட்டில் அவரே என்னைப் பிடித்தார். "டீச்சர், ஒரு எடத்துல மாட்டிக்கினேன். வூட்டுக்கு வந்து படிச்சிச் சொல்றீங்களா?"

பேட்டைக்குப் பின்னால் ஓட்டு வீடு. அலமாரியில், சூளையில் விரிசல் விட்டுக் கழிக்கப்பட்ட பொம்மைகள் வரிசையாக நின்றன. சுவரில் காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, கறுப்பு வர்ணத்தால் ஒரு தேசமே வரைந்திருந்தார். காடு, ஆறு, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு என்பது வரை. துறைமுகத்திலிருந்து வடக்கே ஒரு கோடு மெதுவாக ஏறியிருந்தது.

"நோயெலு இங்க இருக்காரு" என்று கோட்டின் முனையைத் தொட்டார்.

"இன்னும் அழிக்கலையா?"

"அழிக்கத்தாங்க போறேன். காசு குடுத்து வாங்கியிருக்கேன், ஆடாம வுடுவேனா? ஆனா ஊரு பேரு தெரியாத எடத்துல நின்னுகினு இருக்கற ஆள எப்பிடி அழிக்கிறது? வூட்டுல கொண்டுபோயி வுட்டுட்டு அழிக்கிறேன்."

அது அவ்வளவு எளிதாக இல்லை. ஆற்றுப் பாலத்தில் ஒரு காவல்காரன் அவரை விடவில்லை. அவன் சொன்னதைப் படித்தேன்: இரவில் பாலம் மூடப்படும், காலை மணி அடித்த பிறகு வா. "இவ்ளோதானா?" என்று பாஞ்சாலை சிரித்தார். நாலு நாளாக அவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். நோயெலைச் சத்திரத்துக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துக் கூட்டிவந்தார். காவல்காரன் வழிவிட்டான்.

சண்டை வரும் இடங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு போவார். "நம்மகிட்ட குடுத்த ஆளு டீச்சர். அடி பட வெக்கலாமா?" ஒரு நாள் மாலை ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதாம். அந்தக் கணத்தில் போனால் எல்லாமே அழிந்தாலும் அழியும். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது பாஞ்சாலைக்குப் பெட்டியைப் போடக் கை வரவில்லை. அன்று சனிக்கிழமை, சுப்புராயன் வீட்டில் இருந்தார்.

"நீங்க போடுங்க. எனக்கு பயமா இருக்குது."

சுப்புராயன் ஸ்விட்சைத் தட்டிவிட்டு டிவியைப் பார்த்தார். "இருக்கான், இருக்கான். உன் ஃபிலிப்பைன்ஸ்காரன் எங்கயும் போவல" என்றாராம்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் கூப்பிட்டார். மலையைத் தாண்டியாகிவிட்டது. கீழே ஒரு கிராமம்: ஐந்து வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் கோழிகள். சுப்புராயனும் சாப்பிட்ட கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் வீட்டில் ஒரு கொல்லர். கத்தி வேண்டுமா என்றார். இரண்டாவது வீட்டில் யாரும் இல்லை. மூன்றாவது வீட்டில் ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். நான்காவது கதவு திறந்தபோது, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த ஒரு பெண் நோயெலைப் பார்த்துத் திரும்பினாள்.

நான் படித்தேன்: "நோயெல், வந்துவிட்டாயா. நடந்தே வந்தாயா? படுக்கை அப்படியேதான் இருக்கிறது. தூங்கி எழுந்திரு, மற்றதைப் பிறகு பேசலாம்."

"பேரச் சொல்றாங்களா?" என்றார் பாஞ்சாலை.

"சொல்றாங்க."

"இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். கட்டிலில் இருந்த சுப்புராயன், "சேந்துட்டான்டி" என்றார்.

பாஞ்சாலை நோயெலை மெதுவாக அடுப்பைச் சுற்றி, மேசையைச் சுற்றி உள்ளே அழைத்துப்போனார். சன்னலுக்குக் கீழே ஒரு கட்டில். அதன் ஓரத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். நீலச் சட்டை போர்வைக்குள் மறைந்தது. திரை கொஞ்சம் கொஞ்சமாக இருட்ட, சின்னதாக ஒரு பாட்டு தொடங்கியது.

பாஞ்சாலை ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். எட்டி, டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.