தொண்டை அவருடையது, வாய் என்னுடையது

என் கழுத்தில் கட்டி இருந்ததை முதலில் நம்பியது கைப்பேசிதான். குளிக்கும்போது கையில் நெருடியது. தலைமுடி காயும் நேரமெல்லாம் அதைப் பற்றியே தேடிப் படித்தேன். ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்றது. அடுத்த பக்கம் சாவு என்றது. பயத்தில் சோறு இறங்கவில்லை. வீட்டில் எனக்கு 'நெட் டாக்டர்' என்று பேர் வைத்தாயிற்று.

ஒரு வழியாக என் கணவர் டாக்டரிடம் கூட்டிப் போனார். கரமனையில் எங்கள் தெருவில், பெண்டாட்டிக்கு நோவென்றால் டாக்டரிடம் பேசுவது புருஷன்தான். இத்தனைக்கும் நான் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். அவர் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, ஆபீசில் மலையாளம் பழகினவர். நான் வாயெடுக்குமுன் சொல்லிவிட்டார்:

"டாக்டரே, இவளுக்கு எல்லாம் தோணலாக்கும். நெட் நோக்கி நோக்கி ஓரோ ரோகம்."

எல்லாம் பிரமையாம். டாக்டர் சிரித்தார். என் கழுத்தைத் தொடக்கூட இல்லை. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து, தனியாகவே வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். நானே பேசினேன். புற்றுநோய். கழுத்தைக் கிழித்து எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அந்தம்மா கேட்டபோது என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தேனே, பாவி! இன்றுவரை ஒரு மன்னிப்பு வார்த்தை கிடையாது. நானும் கேட்கவில்லை. அந்தத் 'தோணலாக்கும்' என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் குரல் போயிற்று. மூன்று வாரமாக வெறும் காற்றுதான். என் கழுத்தைத் தொடாத அதே டாக்டரிடம் போனோம். இவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, என்னைப் பேசச் சொல்லி ஜாடை செய்தார்.

பேசினேன்.

"ஒண்ணுமில்லா டாக்டரே. எல்லாம் தோணலாக்கும்."

டாக்டர் அதே சிரிப்பைச் சிரித்தார். ஆனால் அவரை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ஆம்பிளைத் தொண்டைக்கு டார்ச் உண்டு. வீக்கம் மாதிரி இருக்கிறது, மாத்திரையில் வற்றாவிட்டால் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

ஆட்டோவில் இவர் காற்றுக் குரலில் கேட்டார்: "ஏண்டி, கெட்டது ஏதாவதா இருக்குமோ?"

"நெட்ல பாருங்கோ," என்றேன்.

பார்த்தார். ஒரு கையால் சாதத்தைப் பிசைந்துகொண்டு, மறு கையால் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். சாதம் அப்படியே இருந்தது. குரல் திரும்ப இருபது நாளாயிற்று. அந்த இருபது நாளும் நான் எதிரே உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் ரசம் ஊற்றிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன்.