ஜெயம் விட்டுப் படிக்கிற வரி

எம் பொண்டாட்டி ஜெயத்துக்குப் பாம்புன்னா உசுரு. புடிக்கறதுக்கு இல்ல, படிக்கறதுக்கு. பெருமுக்கல்ல பொறந்து, அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த வுட்டுட்டு, ஊரான் கொல்லையில களை எடுத்தவ. தொண்ணூத்தி மூணுல, எங்களுக்குக் கண்ணாலமான புதுசு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டாண்ட பழைய புஸ்தகக் கடையில ஒரு புஸ்தகத்த வாங்கினா. அட்டை கிழிஞ்சி போயி, எழுதினவரு பேருகூட இல்ல. பாம்பு, நரி, ஆந்தைன்னு எல்லாத்தப் பத்தியும் சொந்தக்காரங்களப் பத்திச் சொல்ற மாதிரி எழுதியிருப்பாரு.

"இந்த மனுசன் பாம்பக்கூட ஒரு வார்த்தை திட்டல பாருய்யா"ன்னு மாய்ஞ்சி போவா. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கினே சத்தமா படிப்பா. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. "பேசாம அந்தாளையே கட்டிக்கினு போயிருக்கலாம் நீ"ம்பேன். "நீதான் முந்திக்கினு வந்து தொலைச்சியே"ம்பா. கேட்டுக் கேட்டு கட்டுவிரியன் பக்கம் எனக்கே மனப்பாடமாயிடுச்சி.

ரெண்டாயிரத்து நாலுல ஒரு நாள், களத்துல மல்லாட்டைக்குக் காவலா வெறுந்தரையில படுத்துட்டேன். விடிஞ்சி எழுந்தா ஒரே வயித்துவலி. எச்சி முழுங்க முடியல. ஒடம்புல ஒரு கீறல்கூட இல்ல. எங்க அண்ணன் கண்ணையன் வேப்பிலைய மெல்லக் குடுத்தாரு. எங்க பக்கம் அதான் வழக்கம். கசந்தா விஷம் இல்ல, கசக்கலன்னா ஏறிடுச்சின்னு அர்த்தம். எனக்குக் கசந்துச்சி. "அஜீரணம்டா, சோடா குடி"ன்னுட்டாரு.

ஜெயம் ஓடியாந்தா. "இன்னாய்யா, கண்ண நல்லா தெற." தெறக்கறேன், அதுவா மூடிக்குது. எங்க அண்ணன் பக்கம் திரும்பினா.

"மாமா, இது கட்டுவிரியன். கடிச்சா வலிக்காது, தடம் தெரியாது. வயிறு வலிக்கும், இமை தொங்கும். புஸ்தகத்துல இருக்குது. ஜல்தி வண்டி சொல்லுங்க."

"புஸ்தகம் நெசம், வேப்பில பொய்யா?"ன்னு அண்ணன் எகிறினாரு. அவ காதுலயே வாங்கல. மூட்டை ஏத்த வந்த டெம்போவ மறிச்சி என்ன ஏத்திட்டா. அண்ணனும் ஏறிக்கினாரு.

பாதி வழியில கை அசையல, நாக்கு அசையல. மூச்சும் நின்னுடுச்சி. ஆனா காது கேக்குது. "போயிட்டாம்மா. வண்டியத் திருப்புப்பா"ன்னு அண்ணன் அழுவறாரு. ஐயோ, நான் இருக்கறேன், இருக்கறேன்னு உள்ளயே கத்தறேன். வண்டி நிக்குது. அந்தப் பயம் என் எதிரிக்கும் வரக்கூடாது சாமி.

"திருப்பினா சக்கரத்துல வுழுந்துடுவேன்!"னு ஜெயம் கூவினா. அன்னிவரைக்கும் மூத்தார்னு எங்க அண்ணன் எதிர்ல நின்னுகூடப் பேசாதவ, அவரு கண்ணெதிர்லயே எம்மூக்கப் புடிச்சிக்கினு வாயில வாய் வெச்சி ஊதினா. ஊதறா, நிறுத்தறா, எங்காதுல அந்தப் பக்கத்தச் சொல்றா.

"கட்டுவிரியன் கடித்தவன் பிணம்போலக் கிடப்பான். ஆனால் அவனுக்குக் காது கேட்கும். விடாமல் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து சேரும்வரை உயிர் நிற்கும். அவன் எழுந்து வருவான்."

அடுத்த வரி எனக்குத் தெரியும். 'எல்லாரும் வருவதில்லை.' அத அவ சொல்லல. மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சா, மறுபடியும் அதே எடத்துல நிறுத்திட்டு ஊதினா. தெரிஞ்சேதான் வுடறா. வண்டி நின்னப்ப வந்த பயத்தவிட அப்பதான் எனக்குக் குலை நடுங்கிச்சி.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில கொழாய் வெச்சி மருந்து ஏத்தினாங்க. அதுக்கப்புறம் பாண்டிச்சேரி. பொழச்சி வந்தேன். அண்ணன் இப்பல்லாம் வேப்பமரத்தப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கறாரு.

"அந்த மகராசனுக்கு ஒரு மூட்டை மல்லாட்டை குடுக்கணும்யா"ன்னு ஜெயம் வருசா வருசம் எடுத்து வெக்கிறா. பேரே தெரியாத மனுசன எங்க போய்த் தேடறது? கடைசியில நாங்களேதான் வறுத்துத் திங்கிறோம்.

இப்பவும் படிப்பா. நான் கிண்டல் பண்றதில்ல. கட்டுவிரியன் பக்கம் வந்தா, "அவன் எழுந்து வருவான்"கிற வரைக்கும் படிச்சிட்டு, என்ன ஒருதரம் பாத்துட்டு, ஏட்டத் திருப்பிடுவா. வுட்டத படின்னு நான் கேட்டதே இல்ல. எனக்கும் பயந்தான்.