ஆடியில் காலாவதியான அவசரச் சட்டம்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் பின்பக்கம் எங்களுக்கு இரண்டு அறை, வாடகைக்கு. மகன் வளைகுடாவில் இருக்கிறான். நானும் மருமகளும் தோசைமாவு அரைத்து விற்கிறோம். பக்கத்து அறையில் தையல்காரச் சேச்சி. வேதக்காரி, தனிக்கட்டை. அவள் மெஷின் ஓடினால் எங்கள் சுவரில் மாட்டிய கரண்டிகள் ஆடும்.

எங்கேயோ ஒரு பழைய கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. அப்போது சட்டசபை கூடியிருக்கவில்லை. அதனால் கவர்னர் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டு ஒரு அவசரச் சட்டம் வந்தது. ஆபத்தான கட்டடம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால், கோர்ட்டுக்குப் போகாமலே உள்ளே இருப்பவர்களை வெளியே இறக்கிவிடலாமாம். எங்கள் கிடங்கையும் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆடி பிறந்த சமயம் கிடங்கு முதலாளியின் காரியஸ்தர் வந்தார்.

“அம்மே, ஓர்டினன்ஸ் வந்நாச்சு. இந்த வாரமே அறை ஒழிஞ்சு தரணும்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று மருமகளிடம் முணுமுணுத்தேன். அவள் உரக்கச் சொன்னாள்: “ஆடியில வீடு மாற மாட்டோம்னு அத்தை சொல்றாங்க. ஆவணி பொறக்கட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். “எனக்கும் வீட்டில அம்மை உண்டு. கர்க்கடகத்தில குடம் கூட இடம் மாத்த விடமாட்டா. செரி, சிங்ஙம் ஒண்ணுக்கு நானே வண்டி கொண்டு வரேன்.” எங்கள் ஆடிதான் இங்கே கர்க்கடகம், ஆவணி சிங்ஙம்.

சேச்சி கேலி செய்தாள். “உங்க ஆடி கவர்னருக்கு அறியுமோ? அவர் ஒப்பிட்டா ராஜா ஒப்பிட்ட மாதிரி. பின்னே ஒரு பேச்சும் இல்லா.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏலூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மறுநாளே அவள் அறையின் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டவும் வராது. மருமகள் தமிழ் பேசுவாள், படிப்பது மலையாளம்தான். ஆடி பாதி தாண்டி, நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கையில் அவள் பேப்பரோடு ஓடி வந்தாள்.

“அத்தே, கட்டாதீங்க! ஓர்டினன்ஸ் போயாச்சு.”

“கவர்னர் ஒப்புப் போட்டதாச்சே?”

“சபை இல்லாத நேரத்துக்குத்தான் அந்த ஒப்பு. சபை கூடி ஆறு வாரத்துக்குள்ள பாஸாக்கலேன்னா அது தானா நின்னு போகும். சபை ஆனி பொறந்ததுமே கூடி, ஆறு வாரமும் ஆயாச்சு. பில் ஏதோ கமிட்டியில கிடக்காம்.”

அவளை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பிறகுதான் அரிசி ஊறப்போட்டேன்.

ஆவணி முதல் நாள் காரியஸ்தர் வண்டியில்லாமல் வந்தார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டே, “கர்க்கடகம் என்னைச் சதிச்சுப்போச்சு, அம்மே. முதலாளி இன்னிக்கும் திட்டினாரு. செரி, சபையில பாஸாகட்டும், அப்போ வரேன்” என்றார்.

“வாங்க” என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் சேச்சி போன் செய்தாள். அழுதிருக்கிறாள் போல, மூக்கடைத்த குரல். “சட்டம் போனா என்டெ அறை திரும்ப வராதோ? ஓடு நானே போட்டுக்கறேன். அண்ணி முகம் பார்க்க முடியலை.” காரியஸ்தரைக் கேட்டால், சட்டம் இருந்தபோது ஒழிந்தது ஒழிந்ததுதான் என்கிறார். அவர் முதலாளியின் ஆள், அப்படித்தான் சொல்வார்.

ஆறு வாரம் என்று மருமகள் படித்ததை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். சட்டம் தெரிந்த யாராவது அது சரியா என்று பாருங்கள். சட்டம் இருந்தபோது வெளியேறியவள் அது போன பிறகு அறையைத் திரும்பக் கேட்கலாமா, அதையும் பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே மாதாகோவிலுக்கு வரும்போது சேச்சி என்னைக் கேட்பாள்.