பொத்தானை எண்ணிப் போட்ட பாட்டு

என் வீட்டுக்காரரின் கண்ணைச் சர்க்கரை கொண்டுபோய்விட்டது. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் பாதி ஆயுசை மிஷினோடு கழித்த மனுஷன், இப்போது ஒரு வாய் தண்ணீருக்கும் என்னைக் கூப்பிட வேண்டும். செருப்பை நான் எடுத்து வைக்கணும். சோற்றில் குழம்பை நான் ஊற்றணும். பொதுக் கக்கூஸ் வரிசையிலும் நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். யார் தயவும் இல்லாமல் அவர் செய்துவந்தது ஒன்றே ஒன்றுதான், பாட்டுப் போடுவது.

வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு பென் டிரைவ் சொருகியிருக்கும். பார்வை மங்கத் தொடங்கியபோதே, பெட்டியில் மின்னும் நம்பரோடு முகத்தை ஒட்டி வைத்து, எந்தப் பாட்டு எத்தனையாவது என்று மனப்பாடம் செய்துவிட்டார். அணைத்துப் போட்டால் அது முதல் பாட்டில்தான் தொடங்கும். அங்கிருந்து பெருவிரலால் பொத்தானை எண்ணி எண்ணி அமுக்குவார். நினைத்த பாட்டு வந்து நிற்கும். நான் அடுப்பங்கரையில் நின்று கத்தும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான் வரும், கோபித்துக்கொண்ட பெண்டாட்டியைப் புருஷன் கெஞ்சுகிற பாட்டு. "ஏட்டி, சிரிச்சிட்டியா?" என்பார். சிரித்துத் தொலைப்பேன். வாய்ச்சண்டையில் என்னை ஜெயித்தவர் இந்தச் சால் குடியிருப்பில் கிடையாது, இவர் ஒற்றை விரலால் ஜெயித்துவிடுவார்.

நெருளில் கட்டிக்கொடுத்த மகள் போன மாதம் வந்தாள். அப்பாவுக்கு ஏதாவது செய்யணும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு. அவர் அசந்து தூங்கும் நேரம் பென் டிரைவை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டின் பேருக்கு முன்னாலும் ஒரு நம்பர், பின்னால் அதை இறக்கின வெப்சைட்டின் பேர், நடுவில் எழுத்துப் பிழை. எல்லாம் கச்ரா, வெறும் குப்பை என்றாள். அத்தனை பேரையும் ஒரே தட்டில் மாற்றுகிற சாஃப்ட்வேர் இருக்கிறதாம். நம்பரை வெட்டினாள், வாலை வெட்டினாள், படத்தின் பேரை முன்னால் வைத்தாள். நான் போட்டுக்கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நானும், சீராக நின்ற எழுத்துகளைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

சாயங்காலம் அவர் எண்ணி அமுக்கினார். வேறு பாட்டு வந்தது. அணைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார். அதுவும் வேறு. மூன்றாம் தடவையும் அப்படியே. பேரின் அகரவரிசைப்படிதான் அந்தப் பெட்டி பாடும், பேர் மாறினால் வரிசையும் புரளும் என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய பேர்களை அவள் எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. பாட்டு நிரப்பிக் கொடுத்த கடையையும் எப்போதோ இடித்தாயிற்று. புது வரிசையைப் படித்துச் சொல்கிறேன், மறுபடி மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"அது கண்ணு இருந்தப்போ படிச்சதும்மா," என்றார். "இனிமே மண்டையில ஏறாது."

அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். பிள்ளை நல்லதைத்தான் நினைத்தாள், யாரைப் போய்க் குற்றம் சொல்ல? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் முன்னால் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. நான் போட்டால் கேட்கிறார், நிறுத்தினாலும் பேசாமல் இருக்கிறார்.

நேற்று வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தேன். பெட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மாத்திரையை ஏன் விழுங்கவில்லை, வேட்டியில் ஏன் சிந்தினீர், உம்மைக் கட்டிக்கொண்டு நான் என்னத்தைக் கண்டேன் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்திக்கொண்டே அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியிலேயே கிடந்தது.

"நீ சொல்லுதது சரிதான்," என்றார்.