காலியிடத்தில் எழுதியது

வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவளுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பெயர் உண்டு: சும்மா இருப்பவள். எட்டு வருடமாகத் தனியாக இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுக்கும் அவளுக்கும் அந்தப் பெயர்தான். எதிர்வீட்டுக்காரர் தன் பார்சலை அவளிடம்தான் வாங்கி வைக்கச் சொல்வார். மாடியில் குடியிருக்கும் அவளுடைய சொந்த அக்கா ஒரு பள்ளிக்கூட டீச்சர். காலையில் கிளம்பும்போது, "சின்னவளே, நீ சும்மாதானே இருக்கே, பிளம்பர் வந்தா பார்த்துக்கோ" என்று சாவியை நீட்டுவாள்.

சும்மா இருந்த அவளிடம் பதினோரு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பூட்டு ரிப்பேர் செய்பவர், நீச்சல் பள்ளிக்காரர், நாய்களுக்கு முடி வெட்டிவிடும் தம்பதி என்று பலதரப்பட்டவர்கள். துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை, அதன் மேல் அகலமான ஒரு திரை. ஆபீஸ் அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் வடிவமைப்பாளராக இருந்தாள். மேலதிகாரியின் மனதில் இருந்த நீலம் எந்த நீலம் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் வெளியே வந்தாள். "தனியாப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்று அன்று கேட்ட அக்காதான் இப்போது எல்லாத் தளங்களுக்கும் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கிறாள்.

இந்தத் தொழிலில் படம் வந்துவிடும், நிறம் முடிவாகிவிடும், எழுத்து மட்டும் வராது. வாய் கிழியப் பேசுகிறவர்கூட, "உங்களைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க" என்றால் ஊமையாகிவிடுவார். "நாளைக்கு அனுப்பிடறேன்" என்பார். அந்த நாளை வருவதற்கு ஒரு மாதம் ஆகும். அதுவரை பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று மற்றவர்கள் பொருளில்லாத சொற்களைக் கொட்டி நிரப்பி வைப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது. நிஜமான வாக்கியம் இருந்தால்தான் பக்கத்தின் அழகு தெரியும் என்பது அவள் கட்சி. அதனால் அந்த ஆளைப் பற்றித் தனக்கு என்ன தோன்றியதோ அதையே எழுதி வைப்பாள். பேச்சில் அவள் படு சிக்கனம். முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டதெல்லாம் அந்தக் காலியிடத்தில் வந்து விழும். சரியான எழுத்து வந்ததும் அழித்துவிடுவாள். இது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பழைய வாடிக்கையாளரான பல் டாக்டரம்மாவின் புதுத் தளத்தில்தான் கை நழுவியது.

ஐந்து வாரம் கழித்து டாக்டரம்மாவின் நாலு வரி வந்தது. வாங்கிப் போட்டாள். ஆனால் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டருக்கு ஒரு அமைப்பாகவும் கைபேசிக்கு வேறொரு அமைப்பாகவும் செய்திருந்தாள். எழுத்தை ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு, அகலத் திரையில் பார்த்துத் திருப்திப்பட்டு, காலை எட்டு மணிக்குத் தளத்தைத் திறந்துவிட்டாள்.

பதினோரு மணிக்குப் பள்ளி இடைவேளையில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், உன் பல் டாக்டர் சைட்டை போன்ல பார்த்தியா?"

"ஏன்க்கா, ஏதாவது பிழையா?"

"ஒரு பிழையும் இல்ல. பிரமாதமா எழுதியிருக்கே, கேளு. 'டாக்டர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நம் வாய் திறந்தே இருப்பதால் பதில் சொல்ல வழியில்லை. அவருக்கு அது வசதி.'"

அவள் போனை வைத்துவிட்டுக் கைபேசி அமைப்பைத் திறந்தாள். மாற்றுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் மூன்று மணி நேரம் அது ஊர் பார்க்கக் கிடந்திருக்கிறது. மாற்றி முடித்த கையோடு கிளினிக்கின் வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு.

"மேடம், டாக்டர் உங்களை உடனே வரச் சொன்னாங்க."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"இல்ல மேடம். வரச் சொல்லுன்னாங்க, அவ்வளவுதான்."

டாக்டர் வரச் சொன்னதை அக்காவுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மன்னிப்பை நாலு விதமாக ஒத்திகை பார்த்தாள். நாலும் அவளுக்கே நம்பும்படி இல்லை. பதினோரு பேரில் ஆறு பேர் டாக்டரம்மா சொல்லி வந்தவர்கள். அதே வாயால் அவர் வேறு மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் ஆறு பேரும் வரிசையாக எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் மறுபடியும் யாருடைய நீலத்தையாவது தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டாக்டரம்மாவின் அறையில் உட்கார இருந்தது ஒரே இடம், நோயாளியின் நாற்காலி.

"வாங்க, உக்காருங்க."

"டாக்டர், நான் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்…"

"முதல்ல வாயைத் திறங்க. போன தடவை பிஸ்கட்டை ஒரே பக்கமா மென்னீங்க. நான் பார்த்துட்டுதான் இருந்தேன்."

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. சின்னக் கண்ணாடி ஒன்று வாய்க்குள் போனது.

"ம், கடைவாய்ல ஓட்டை. இன்னைக்கே அடைச்சிடலாம். ஊசி கொஞ்சம் வலிக்கும்."

வலித்தது. சற்று நேரத்தில் பாதி முகம் அவளுடையதாக இல்லை. டாக்டரம்மா நிதானமாகக் கருவியை எடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"காலையில ஒரு பேங்க் மேனேஜர். பல்வலின்னு வந்தவர் வெளியில உக்காந்து போனைப் பார்த்துச் சிரிச்சிட்டிருக்கார். வலியில ஏதாவது ஆயிடுச்சான்னு எனக்கு பயம். என்ன சார்னு கேட்டா, 'உங்க சைட்டுதான் டாக்டர்'ங்கறார்."

அவள் எழப் பார்த்தாள்.

"அசையாதீங்க. நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேனாமே?"

"ஆ…"

"பதில் சொல்ல வழியில்ல, பாவம். எனக்கு வசதிதான்."

முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ஓரங்களில் சுருக்கம் விழுந்திருந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா சொல்றதை நீங்க மூணு வரியில சொல்லிட்டீங்க. நல்லவேளை, அவர் கண்ணுல படலை. ஆனா கீழே இன்னொண்ணு இருந்துச்சே? 'வலிக்கும் என்றால் வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். அதில் பாதி பயம் போய்விடும்.' அதை ஏன் எடுத்தீங்க? நான் அஞ்சு வாரம் மண்டையை உடைச்சு எழுதினதுல அப்படி ஒரு வரி வரலையே. அதை மட்டும் திரும்பப் போட்டுடுங்க. மத்ததைப் போட்டீங்க, பல்லை அடைக்க மாட்டேன், பிடுங்கிடுவேன்."

அவள் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிட்டது. "என்னடி ஆச்சு? ரொம்பத் திட்டினாங்களா?"

இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மரத்துப்போன உதடு ஒத்துழைக்கவில்லை. குழறலாக ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

"ஐயோ, அழாதே. அழாதேடி. போனா போகட்டும். நான் வேணா அந்தம்மாகிட்ட பேசறேன். பிழை பார்த்தது நான்தானே, போனையும் பார்த்திருக்கணும், தப்பு என் மேலதான்னு சொல்றேன். எட்டு வருஷமா ஒத்தையில நின்னவ நீ, இதுக்கெல்லாம் அழலாமா?"

என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்ட அக்கா பேசுகிற பேச்சா இது! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதி வாய் சிரித்தது, மீதிப் பாதியில் எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அழைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்தி தட்டினாள்: "அழலைக்கா. பல் அடைச்சாங்க. வேலை போகலை."

பஸ் வந்து நின்றது. நல்ல கூட்டம். அதைப் போக விட்டுவிட்டு பெஞ்சில் நிழல் விழுந்த பக்கமாக உட்கார்ந்தாள். அடுத்ததில் போனால் போயிற்று.