அதையும் எழுதச் சொன்ன முத்தக்கா

காலையில் பணி மாறும் நேரம். நோயாளிகளின் விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது முத்தக்காவின் மகள் செல்வியின் போன் வந்தது. "சிஸ்டர், அம்மா போயிட்டாங்க" என்றாள். வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

முத்துலட்சுமி என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். மலையாளிகளுக்கு முத்து சேச்சி, எனக்கு முத்தக்கா. தேனிப் பக்கத்து ஊர். கணவருக்குக் கொச்சியின் பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் மசாலா கிடங்கில் சுமை தூக்கும் வேலை. மட்டாஞ்சேரியில் எங்கள் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகப் பதினாறு வருடம் இருந்தார். நான் அங்கே செவிலி. அவர் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். அதில் இருப்பது என் தவறு.

ஒரு மழைக்காலப் பகல். பெண்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்து முடித்தேன். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி வாய்வரை நிறைந்திருந்தது. அதே நேரம் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். ஊசியை டிரேயில் பஞ்சுகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது ஊசியின் நினைவே இல்லை. டிரேயை அப்படியே மஞ்சள் கழிவுப் பையில் கவிழ்த்தேன். சற்று நேரத்தில் முத்தக்கா அந்தப் பையைக் கட்டித் தூக்கினார். மெல்லிய கிளவுஸைத் துளைத்துக்கொண்டு ஊசி உள்ளங்கையில் ஏறியது.

கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போனார், நானும் கூடவே போனேன். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டு போகட்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் விசாரணை வரும், அவள் வேலைக்கே ஆபத்து என்று அங்கிருந்த டாக்டரிடம் சொன்னார். நான் ரத்தம் எடுத்த நோயாளிக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இருந்தது. எங்களைப் போன்ற நிரந்தரப் பணியாளர்களுக்கு அதற்கான தடுப்பூசி போட்டிருந்தார்கள். கழிவைத் தூக்குகிறவர்களுக்குப் போடவில்லை.

"எழுதுங்க சார். எழுதலேன்னா எனக்கு ஒண்ணும் நடக்கலேன்னு ஆயிரும்" என்றார் முத்தக்கா.

சரி, அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் மேற்பார்வையாளர். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த ஊசியைப் பையில் போட்டது நான்தான் என்று சொன்னேன். முத்தக்கா திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பெட்டி நெறஞ்சு கெடந்துதா சிஸ்டர்?"

"ரெண்டு நாளா."

"அப்ப அதையும் எழுதுங்க. உங்க பேர மட்டும் எழுதினா நாளைக்கு வேற ஒரு சிஸ்டர், வேற ஒரு கை."

அப்படியே எழுதினோம். எனக்கு மெமோ வந்தது, வர வேண்டியதுதான். அவருக்கு அன்றே சிகிச்சை தொடங்கியது. ஆனால் நோய் தொற்றவில்லை என்று உறுதியாகத் தெரிய ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கேன்டீனில் ஒருநாள் சாயா குடிக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். "கோவம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு" என்றார். "அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்குப் பெட்டி வேணும்."

மறு வாரம் துப்புரவுப் பணியாளர்கள் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு கண்காணிப்பாளர் அறை முன்னால் போய் நின்றார். எல்லோருக்கும் தடுப்பூசி, தடித்த கிளவுஸ், முக்கால் பங்கு நிறைந்ததுமே மாற்றப்படும் ஊசிப் பெட்டி. கேட்டது இவ்வளவுதான். கண்காணிப்பாளர் மரியாதையாகவே பேசினார். நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

"ஊசிக்கு அது அறியுமோ சாரே?" என்றார் முத்தக்கா. "ஆஸ்பத்திரிக் கையா, கான்ட்ராக்ட் கையான்னு பாத்தா குத்துது?"

பெருக்குவோம், துடைப்போம், கக்கூஸ் கழுவுவோம். கழிவுப் பையை மட்டும் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் மதியத்துக்குள் ஒவ்வொரு வார்டின் கோடியிலும் பைகள் குவிந்தன. முத்தக்காவை வேலையிலிருந்து எடுத்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் மிரட்டினார். செவிலியர் நாங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. மூன்றாம் நாள் தடுப்பூசி வந்தது. புதுப் பெட்டிகள் அந்த வாரமே வந்தன. தடித்த கிளவுஸுக்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்கத் தினமும் காலையில் ஸ்டோர் வாசலில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. தமிழிலும் எழுதுங்கள் என்றார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளத்தில் படித்த எனக்குத் தமிழில் நாலு வரி எழுதுவதே பெரிய பாடு. "கிளவுஸ் அனியவும்" என்று எழுதி ஒட்டினேன். வாளியை வைத்துவிட்டு நின்று வாசித்தார். "மூணு சுழி ண வரணும் சிஸ்டர். இத மாத்துங்க, இல்லேன்னா எழுத்தத்தான் பாத்துச் சிரிப்பாங்க, கிளவுஸ் போட மாட்டாங்க" என்றார். மாற்றி எழுதினேன்.

ஆறாம் மாதப் பரிசோதனை முடிவை நான்தான் வாங்கி வந்து கொடுத்தேன். தொற்று இல்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். ஆறு மாதமாகச் செல்விக்கு ஒரு வாய் ஊட்டிவிடக்கூடப் பயந்ததாகச் சொன்னார். அப்படியெல்லாம் பரவாது என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நோயாளியிடம் பேசும் அளவுக்கு நாங்கள் கூட வேலை செய்கிறவரிடம் பேசுவதில்லை என்பது அந்தப் படியில்தான் எனக்கு உறைத்தது.

இப்போது மருத்துவமனையின் நோய்த்தொற்றுத் தடுப்புப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முத்தக்காவின் இடத்துக்கும் சேர்த்துப் போன வாரம் நான்கு பேர் புதிதாக வந்தார்கள். தடுப்பூசி அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம், இன்றே பைகளைத் தூக்கட்டும் என்றார் மேலாளர். "அப்போ பையும் அடுத்த வாரம் தூக்கட்டும் சார்" என்றேன். நான் நகரவில்லை. மதியத்துக்குள் ஊசி வந்தது. நான்கு பேரையும் உட்காரவைத்து, இந்த ஊசி எதற்கு, எது எப்படிப் பரவும், எது பரவாது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் போட்டேன்.

முத்தக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. கேட்க வேண்டியதைக் கேட்பது. கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்பது.